வேகக் கட்டுப்பாட்டை இழந்து...

பத்திரிகைத் தொழிலுக்கு வந்து முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. இத்தனை காலத்தில் நான் அதிகம் எழுதிய வாக்கியம் எதுவென்று யாராவது கேட்டால் யோசிக்காமல் பதில் சொல்வேன்: "வேகக் கட்டுப்பாட்டை இழந்த மோட்டார் சைக்கிள் வீதியை விட்டு விலகி விபத்துக்குள்ளானது." நுவரெலியா, ஹட்டன், தலவாக்கலை, கினிகத்தேனை என்று ஊரின் பெயர் மாறும். இளைஞனின் வயது மாறும். மோதியது மண்மேடா, மின்கம்பமா, எதிரே வந்த பஸ்ஸா என்பது மாறும். வாக்கியம் மாத்திரம் மாறாது. பொலிஸார் சொன்னதைப் பிராந்திய நிருபர் அப்படியே அனுப்புவார். செய்தி மேசையில் இருப்பவரும் அதில் கை வைக்கமாட்டார். பக்கம் அச்சுக்குப் போகும் நேரத்தில் நான்கு வரிச் செய்திக்கு யார் மினக்கெடுவது?

அந்த வாக்கியம் ஒருநாள் எங்கள் வீட்டுக்குள்ளேயே வந்தது. அந்தக் கதையைத்தான் இன்று எழுதப்போகிறேன். இடையில் கொஞ்சம் எஞ்சின் விவகாரமும் வரும். பேராதனைக் கலைப்பீடத்தில் படித்தவனுக்கு இது எதற்கு என்று கேட்கும் நண்பர்கள் சற்றுப் பொறுத்தருள வேண்டும். இதில் உள்ள எஞ்சின் அறிவில் பெரும்பகுதி ஒரு முதியவரிடம் கடன் வாங்கியது. பிழை இருந்தால் அது என்னுடையது.

* * *

என் அக்கா கந்தப்பளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் முப்பத்தைந்து ஆண்டுகள் கொழுந்து பறித்தவர். நான் பல்கலைக்கழகம் போனது அவருடைய கூடையைக் கொண்டுதான். ஓய்வுபெற்றபோது கிடைத்த ஊழியர் சேமலாப நிதியில் ஒரு பகுதியை எடுத்து, 2021இல், தம் ஒரே மகனுக்குப் பழைய 125 சிசி மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கிக் கொடுத்தார். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்ததால் பழைய வண்டிகள் யானை விலை விற்ற காலம் அது. மிச்சப் பணத்துக்கு லீசிங். மருமகன் கொழும்பில் வீடு வீடாக உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை பார்த்தான். தவணை கட்டுவதும் அம்மாவுக்குப் பணம் அனுப்புவதும் அந்த வண்டியின் உழைப்பில்தான். 2022இல் மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர் பெற்றோல் என்று கியூ.ஆர். அட்டை வந்தபோதுகூட எப்படியோ சமாளித்தான்.

ஏப்ரல் மாதத்தில் நுவரெலியா வேறு ஊராகிவிடும் என்பது இலங்கை வாசகர்களுக்குத் தெரியும். பூக்கள், குதிரைப் பந்தயம், கொழும்புச் சனக்கூட்டம். அதோடு மகாகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயம். 1930களில் தொடங்கிய அந்தப் பந்தயத்தில், தேயிலைச் சரிவுகளுக்கு நடுவே வளைந்தேறும் பாதையில் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் சீறிக்கொண்டு போகும். லயத்துப் பையன்கள் மேட்டில் நின்று பார்ப்பார்கள். மருமகனும் சிறுவயதிலிருந்து அப்படிப் பார்த்தவன். அந்தச் சத்தம் அவன் காதில் தங்கிவிட்டது.

2024ஆம் ஆண்டு சித்திரைப் புத்தாண்டுக்கு ஊருக்கு வந்தவன், விடுமுறையில் வண்டியைக் கராஜ் ஒன்றில் விட்டான். கம்பெனிச் சைலன்சரைக் கழற்றிவிட்டுக் குட்டையான நேர்க்குழாய் ஒன்றைப் பூட்டினார்கள். ஆசனத்துக்குக் கீழே இருந்த எயார் கிளீனர் பெட்டியையும் தூக்கிவிட்டு, கார்புரேட்டரின் வாயில் கூம்பு வடிவ வடிகட்டி ஒன்றைச் செருகினார்கள். கார்புரேட்டருக்குள் ஒன்றையும் தொடவில்லை. எஞ்சின் நின்று ஓடும் வேகத்தை மட்டும் ஒரு திருகாணியால் சரிசெய்து கொடுத்தார்கள்.

வண்டி வந்தபோது லயமே அதிர்ந்தது. அக்கா என்னைக் கூப்பிட்டார். "தம்பி, சத்தத்தக் கேட்டாலே எனக்குப் பயமா இருக்கு. நீ ஒருதடவ ஓட்டிப் பாத்துச் சொல்லு."

கந்தப்பளையிலிருந்து நுவரெலியா வரை ஓட்டிப் பார்த்தேன். சொல்லத்தான் வேண்டும், வண்டி பிய்த்துக்கொண்டு போயிற்று. முன்பெல்லாம் ஊருக்கு வந்தால் அது மேட்டில் மூச்சு வாங்கும். இப்போது மூன்றாம் கியரிலேயே பறந்தது. இறக்கத்தில் எக்ஸிலேட்டரைத் தளர்த்தும்போது குழாயில் பட்பட்டென்று வெடித்தது. பந்தய வண்டியின் சத்தம். ஐம்பது வயதைக் கடந்த எனக்கே ஒரு கணம் இளமை திரும்பியது. வீட்டுக்கு வந்து, "பயப்பட ஒண்ணுமில்ல அக்கா, நல்லாத்தான் இழுக்குது" என்று சான்றிதழ் கொடுத்தேன். மருமகன், "பாத்தீங்களா மாமா!" என்று சிரித்தான்.

இரண்டு நாள் கழித்து அவன் கொழும்புக்குப் புறப்பட்டான். ஹட்டன், கினிகத்தேனை, கித்துல்கல, எட்டியாந்தோட்டை என்று இறங்கி அவிசாவளையையும் தாண்டிவிட்டான். இரவு ஒன்பது மணி. பாதை நேராகவும் வெறுமையாகவும் இருந்ததால் எக்ஸிலேட்டரை முழுக்க முறுக்கியிருக்கிறான். சில கிலோமீற்றர் போனபின் எஞ்சின் திடீரென்று இறுகியது. பின்சக்கரம் பூட்டிக்கொண்டது. வண்டி வழுக்கி அவனை ஓரத்துப் புல்லில் எறிந்தது. பின்னால் வந்த பஸ் சாரதி பிரேக் போட்டிராவிட்டால் இந்தக் கட்டுரையை நான் எழுதியிருக்கமாட்டேன். தோள் எலும்பு முறிந்தது. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோல் உரிந்தது. உயிர் தப்பியது.

காப்புறுதிக்காகப் பொலிஸ் முறைப்பாட்டின் பிரதியை வாங்கப் போனது நான்தான். சிங்களத்தில் எழுதியிருந்ததை நின்றபடியே படித்தேன். வேகக் கட்டுப்பாட்டை இழந்து, வீதியை விட்டு விலகி... என் பேனாவே எழுதியதுபோல் இருந்தது.

* * *

வண்டியை லொறியில் ஏற்றி ஊருக்குக் கொண்டுவந்தோம். அதைத் திறந்து பார்த்தவர் எங்கள் பக்கத்தில் எல்லோரும் 'பிட்டர் ஐயா' என்று அழைக்கும் பெரியவர். எழுபது வயதைத் தாண்டியவர். 1960களின் இறுதியில் தேயிலைத் தொழிற்சாலையில் கையாளாகச் சேர்ந்து, பிட்டராக ஓய்வுபெற்றவர். அந்தக் காலத்துச் சின்னதொரைமாரின் பி.எஸ்.ஏ. மோட்டார் சைக்கிள்களில் அமல் கார்புரேட்டரைக் கழற்றிப் பூட்டியதைப் பற்றி இன்றும் சுவையாகச் சொல்வார்.

முதலில் பிளக்கைக் கழற்றினார். அதன் நுனியிலிருந்த பீங்கான் சுண்ணாம்புபோல் வெளுத்திருந்தது. பிறகு சிலிண்டரைத் தூக்கினார். பிஸ்டனின் பக்கங்களில் நகத்தால் பிறாண்டியதுபோல் நெடுங்கோடுகள்.

"காத்து கூடிப் போச்சு தம்பி. பெற்றோல் பத்தல. வெந்து பிடிச்சிருச்சு."

"நுவரெலியாவில் நானே ஓட்டினேனே ஐயா, அருமையாக ஓடியதே?"

அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிலிருக்கிறது. "மேல ஓடுச்சு. அதான் ஏமாத்திருச்சு" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தை விளங்கிக்கொள்ள எனக்கு ஒரு வாரம் பிடித்தது. விளங்கியதை என்னால் இயன்ற அளவு எளிமையாகச் சொல்கிறேன்.

கார்புரேட்டர் என்பது காற்றையும் பெற்றோலையும் கலக்கும் ஒரு சாதாரணக் கருவி. எஞ்சின் உறிஞ்சும் காற்று அதன் குறுகிய கழுத்து வழியாக விரைந்து போகும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. அந்தக் குறைவு, கீழே கிண்ணத்தில் நிற்கும் பெற்றோலைச் சிறு துளைகளின் வழியே மேலே இழுக்கிறது. அந்தத் துளையுள்ள பித்தளைத் துண்டுகளைத்தான் ஜெட் என்கிறோம். பெற்றோல் முழுமையாக எரிய, எடைக் கணக்கில் ஒரு பங்குக்கு ஏறக்குறைய 14.7 பங்கு காற்று வேண்டும். பெற்றோல் கூடினால் பிளக் கறுக்கும், புகை வரும், பணம் கரையும். காற்று கூடினால் எஞ்சின் சூடேறும்; முழு வேகத்தில் நீடித்தால் வெந்துபோகும்.

எயார் கிளீனர் பெட்டியை எடுத்துவிட்டால் காற்று தடையின்றி நுழைகிறது. கழுத்தில் உறிஞ்சுவிசை குறைவதால் பெற்றோலும் முன்போல மேலே வருவதில்லை. சைலன்சரைத் திறந்துவிட்டால் எரிந்த புகை விரைவாக வெளியேறி, புதுக்காற்று இன்னும் அதிகமாக உள்ளே வருகிறது. காற்று இப்படி இரண்டு வழியிலும் கூடுகிறது. ஜெட்டின் துளையோ பழைய அளவிலேயே இருக்கிறது. ஆகவே இவற்றை மாற்றுகிறவர் ஜெட்டையும் மாற்றியே ஆகவேண்டும். இது உலகெங்கும் பொதுவான விதி.

எங்கள் மலைநாட்டில் இதற்குமேல் இன்னொன்றும் உண்டு. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். அங்கே தண்ணீர் 100 பாகை வரை போகாமல் 94 பாகையளவிலேயே கொதித்துவிடும். பருப்பு வேகத் தாமதமாகிறது என்று எங்கள் பெண்கள் அலுத்துக்கொள்வதன் காரணம் அதுதான். மேலே காற்றின் அழுத்தம் குறைவு. குளிரையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால், கொழும்புக் காற்றைவிட நுவரெலியாக் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. கார்புரேட்டருக்கு அது தெரியாது. காற்று மெலிந்த அளவுக்குப் பெற்றோலைக் குறைக்க அதனால் முடியாது. எனவே கொழும்பில் சரியாக ஓடும் வண்டி நுவரெலியாவில் நூற்றுக்கு ஒன்பது, பத்து என்ற கணக்கில் பெற்றோலைக் கூடுதலாகக் குடிக்கிறது. மேட்டில் அது மூச்சு வாங்கியதற்கு மெலிந்த காற்று பாதிக் காரணம், மிதமிஞ்சிய பெற்றோல் மீதிக் காரணம்.

இப்போது இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். கராஜில் செய்த மாற்றம் காற்றைக் கூட்டியது. மலை ஏற்கனவே பெற்றோலைக் கூட்டி வைத்திருந்தது. ஒன்றை மற்றது சமன்செய்ய, வண்டி நுவரெலியாவில் பிரமாதமாக ஓடிற்று. அதைக் குழாயின் மகிமை என்று மருமகன் நினைத்தான், நானும் நினைத்தேன். உண்மையில் அவர்கள் செய்த பிழையை மலை மறைத்துவிட்டது. கீழே இறங்க இறங்க அந்தத் திரை விலகியது. அவிசாவளையை அடைந்தபோது பிழை முழுதாக வெளியே நின்றது. போதாக்குறைக்கு அவன் எக்ஸிலேட்டரை முழுக்கத் திறந்தான். நாங்கள் இருவரும் ரசித்த அந்தப் 'பட்பட்' வெடிச் சத்தம், காற்று மிகுந்துவிட்டது என்று எஞ்சின் விட்ட எச்சரிக்கை.

சிறிய விமானங்களில் கலவையைக் குறைக்க ஒரு தனி நெம்புகோல் உண்டு. மேலே ஏற ஏற விமானி அதை இழுத்துப் பெற்றோலைக் குறைப்பார், இறங்கும்போது மறவாமல் திரும்பத் தள்ளுவார். எரிபொருளை உட்செலுத்தும் புதிய மோட்டார் சைக்கிள்களில் அழுத்தத்தை அளக்கும் உணரிகள் அந்த வேலையைத் தாமே செய்கின்றன. இந்தியாவில் 2020 ஏப்ரல் 1இல் பி.எஸ். 6 விதி நடைமுறைக்கு வந்தபின் அந்த முறையே வழக்கமாயிற்று. சரியாக அதற்கு முந்திய மாதம்தான் நாங்கள் இறக்குமதியை நிறுத்தினோம். 2025இல் கதவு மீண்டும் திறக்கும்வரை எங்கள் பையன்கள் பழைய கார்புரேட்டர் வண்டிகளையே ஒட்டுப்போட்டு ஓட்டினார்கள்.

* * *

பிஸ்டனை மாற்றி, சிலிண்டரைக் கடைந்து, வண்டியைச் சேர்க்க இரண்டு மாதமானது. எயார் கிளீனர் பெட்டி கராஜின் மூலையில் கிடந்தது, திரும்பக் கிடைத்துவிட்டது. சைலன்சரை இரும்புக்குப் போட்டுவிட்டார்களாம். பிட்டர் ஐயா நேர்க்குழாயைத் தொட மறுத்தார். சட்டத்துக்கும் ஆகாது, பிள்ளைகள் உறங்கும் லயத்துக்கும் ஆகாது என்றார். வேறு மாதிரி வண்டியின் சைலன்சர் ஒன்று கிடைத்தது. சத்தம் அடக்கமாக இருந்தாலும் பழையதைவிடப் புகைவழி சற்று அகலம். ஆகவே கார்புரேட்டரைத் திரும்ப அளந்து வைக்க வேண்டியதாயிற்று.

"வண்டி எங்க ஓடப்போகுது?" என்று கேட்டார் பிட்டர் ஐயா.

"கொழும்பில்."

"அப்ப கீழ போய்த்தான் பாக்கணும். தேயிலைக்கே உயரம் பாத்துத் தரம் பிரிக்கிறோம். இதுக்குப் பாக்க வேணாமா?"

மரக்கறி லொறி ஒன்றில் வண்டியை ஏற்றிக்கொண்டு, நானும் அவருமாக அதிகாலையில் அவிசாவளைக்கு இறங்கினோம். அவர் சட்டைப்பையில் ஒரு மாத்திரைப் போத்தல். அதற்குள் ஐந்தாறு ஜெட்டுகள். மருமகனின் தோள் இன்னும் குணமாகாததால் ஓட்டவேண்டியவன் நான்.

முதலில், கார்புரேட்டர் எஞ்சினோடு சேரும் ரப்பரில் வெடிப்பு உண்டா, காற்றுக் கசிகிறதா என்று பார்த்தார். கசிவு இருந்தால் எந்த ஜெட்டாலும் பயனில்லை. பிறகு பெரியதிலிருந்து சிறியதற்கு வந்தார். எக்ஸிலேட்டர் முக்கால் பங்குக்கு மேல் திறந்திருக்கும்போது ஆட்சி மெயின் ஜெட்டுடையது. காலுக்கும் முக்காலுக்கும் இடையே, ஏறி இறங்கும் ஊசி ஆள்கிறது. அதற்குக் கீழே பைலட் ஜெட்டும் கலவைத் திருகாணியும். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றவேண்டும். இரண்டை மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. (செய்தியாளர்களுக்கும் இது நல்ல புத்திமதி.)

புதுப் பிளக்கைப் பூட்டி, வெறிச்சோடிய பாதையில் மூன்றாம் கியரில் முழுக்க முறுக்கி, கிளச்சைப் பிடித்த அதே கணத்தில் எஞ்சினை நிறுத்தி உருண்டு வரவேண்டும். சுடச்சுடப் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பார். முதற்தடவை வெளுப்பு. இரண்டு படி பெரிய மெயின் ஜெட்டைப் போட்டார். பால் அதிகமான தேநீரின் நிறம். இன்னும் ஒரு படி ஏற்றினார், கரி படிந்தது. ஒரு படி பின்னால் வந்தார். ஊசியின் கிளிப்பை ஒரு வெட்டுக் கீழே இறக்கினார்; அதனால் ஊசி உயர்ந்து, நடு வேகத்தில் பெற்றோல் கூடும். கடைசியாக, எஞ்சின் நன்கு சூடான பின் கலவைத் திருகாணியை மெல்லத் திருகி, ஓட்டம் அதிகமாகவும் சீராகவும் கேட்ட இடத்தில் நிறுத்தினார். எக்ஸிலேட்டரை விட்டால் இப்போது வெடிக்கவில்லை.

பிட்டர் ஐயாவை பஸ்ஸில் ஏற்றிவிட்டு நான் வண்டியில் ஊர் திரும்பினேன். கித்துல்கல வரை வெண்ணெய்போல் வந்தது. ஹட்டனிலும் குறையில்லை. நானுஓயாவைத் தாண்டியதும் சத்தம் கனத்தது, தொண்டை கட்டியவர் பேசுவதுபோல. நுவரெலியா மேட்டில் அந்தப் பழைய மூச்சு வாங்கல் திரும்பிவிட்டது. மறுநாள் அதைச் சொன்னதும் அவர் திருப்தியோடு தலையாட்டினார்.

"அப்படித்தான் இருக்கணும் தம்பி. மேல சோம்பலா இருந்தாத்தான் கீழ உயிரோட இருக்கும். சோம்பேறிய எழுப்பிரலாம். செத்தவன எழுப்ப முடியுமா?"

அக்கா அருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. நான் கொடுத்த சான்றிதழைப் பற்றி இன்றுவரை அவர் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால் எனக்குச் சற்று இலேசாக இருந்திருக்கும்.

* * *

அன்று வேகம் இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். இருந்தது. "எண்பதத் தாண்டிட்டேன் மாமா" என்று மருமகனே ஒப்புக்கொண்டான். பொலிஸ் எழுதியதில் பொய் இல்லை. ஆனால் அவன் கட்டுப்பாட்டை இழந்தது வேகத்தால் மாத்திரமன்று. கராஜில் எவரும் சொல்லாத ஒரு ஜெட்டும், தெரியாததைத் தெரிந்ததாகச் சொன்ன ஒரு மாமனும் அதில் பங்காளிகள். நாங்கள் இருவரும் அந்தப் பிரதியில் இடம்பெறவில்லை.

ஏப்ரல் விடுமுறைக்கும் தீபாவளிக்கும் எங்கள் பையன்கள் நூற்றுக்கணக்கில் மலையேறி வருகிறார்கள். பலர் வண்டியை ஊரில்தான் அலங்கரிக்கிறார்கள். ஊரில் ஓட்டிப் பார்த்துத் திருப்தியடைந்து அதே வண்டியில் கீழே இறங்குகிறார்கள். அவர்களில் யாருடைய வீட்டிலாவது இதைப் படிப்பவர் இருந்தால், தயவுசெய்து ஒன்றைச் சொல்லுங்கள்: மேலே மாற்றிய வண்டியை, கீழே பிளக்கைக் கழற்றிப் பார்க்கும்வரை முழுக்க முறுக்க வேண்டாம். எஞ்சின் இறுகுவதுபோல் தோன்றினால் உடனே கிளச்சைப் பிடிக்கச் சொல்லுங்கள். சக்கரம் விடுபட்டுவிடும்.

சில மாதங்களுக்கு முன் இரவு மேசையில் இருந்தபோது வழக்கமான நான்கு வரி வந்தது. இருபத்திரண்டு வயது இளைஞன், கினிகத்தேனைப் பக்கம், வேகக் கட்டுப்பாட்டை இழந்து. நிருபரைத் தொலைபேசியில் அழைத்து, பின்சக்கரம் பூட்டிய தடம் வீதியில் இருந்ததா என்று பொலிஸாரிடம் கேட்டீர்களா என்றேன். மறுமுனையில் சற்று நேரம் மௌனம். "அதெல்லாம் யார் சார் கேட்கிறது?" என்றார்.

பக்கம் மூடும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. அந்தச் சொற்றொடரை வெட்டிவிட்டு, 'விபத்துக்கான காரணம் குறித்து விசாரணை நடைபெறுகிறது' என்று எழுதி அனுப்பினேன். விசாரணை எதுவும் நடக்கப்போவதில்லை என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் அந்தப் பையனின் தாய் மறுநாள் பத்திரிகையைப் பார்ப்பாரல்லவா?